காசு காய்த்த மரம் மதராசில் இருந்தது

'பணம் என்ன மரத்திலா காய்க்குது?' என்று கேட்காத அப்பா தமிழ்நாட்டில் கிடையாது. இங்கிலாந்திலும் கிடையாது. 'மணி டஸ்ன்ட் க்ரோ ஆன் ட்ரீஸ்' என்று அதே எரிச்சலோடு அங்கேயும் பிள்ளைகளின் வாயை அடைக்கிறார்கள். ஆனால் அந்த அப்பாக்களின் முன்னோர் காலத்து லண்டனில் இதற்கு நேர் எதிரான ஒரு பேச்சும் புழங்கியது. வெறுங்கையோடு கப்பலேறிய ஒருவன் சில வருடங்களில் பெரும் பணக்காரனாகத் திரும்பி வந்தால், 'பகோடா மரத்தை உலுக்கிவிட்டு வந்திருக்கிறான்' என்பார்கள். 'ஷேக் த பகோடா ட்ரீ'. டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பக்கோடா அல்ல இது. சென்னைக் கோட்டைக்காரர்கள் அச்சடித்த தங்க நாணயம். நம் ஊர்க் கணக்கில் வராகன்.

ஆங்கிலத்தில் பணத்தைப் பற்றிய மரபுத்தொடர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. போட்டித் தேர்வுக் கையேடுகள் அவற்றை வரிசையாக அடுக்கி, எதிரே பொருளையும் போட்டுவிடும். மனப்பாடம் செய்துவிட்டுத் தேர்வு எழுதப் போகலாம். ஆனால் எந்தத் தொடர் யாருடைய வாயில் பிறந்தது என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. சற்று உற்றுப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். சில்லறையைப் பற்றிய தொடர்களில் ஒளிவுமறைவு இல்லை. இவ்வளவு காசு, இன்ன காரியம் என்று பச்சையாக இருக்கும். தொகை பெரிதாக ஆக, பேச்சில் பூசி மெழுகுவதும் கூடிக்கொண்டே போகிறது. பணத்தை எடுத்த கையே தெரியாதபடி ஒரு மரமோ, மாடோ, பாராசூட்டோ குறுக்கே வந்து நின்றுவிடுகிறது.

பென்னியின் ராஜ்யம்

1971 பிப்ரவரி 15 வரை பிரிட்டனில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக 240 பென்னி ஒரு பவுண்டு. அணா பைசாக் கணக்கில் அடி வாங்கிய நம் தாத்தாக்களுக்கு அந்த ஊர்ப் பிள்ளைகளின் துயரம் புரியும். 8ஆம் நூற்றாண்டிலேயே மெர்சியா அரசன் ஆஃபா வெள்ளிப் பென்னியை அச்சடித்துப் பரப்பிவிட்டான். பவுண்டோ 1489 வரை நாணயமாகவே இல்லை. அது கணக்கேட்டில் மட்டும் வாழ்ந்த ஓர் எண். ஏழாம் ஹென்றி தங்கத்தில் 'சாவரின்' அடித்தபோதுதான் முதன்முதலாகக் கையில் பிடிக்கும் பொருளாயிற்று. பல நூற்றாண்டுகள் சாதாரண இங்கிலாந்துக்காரன் பவுண்டைக் கண்ணால் கண்டதில்லை. அவன் சட்டைப்பையில் கிடந்தது பென்னி. அவன் பேச்சில் ஏறியதும் அதுதான்.

யாராவது எங்கோ வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் 'எ பென்னி ஃபார் யுவர் தாட்ஸ்' என்பார்கள். 'என்ன யோசனை, சொல்லேன்' என்று பொருள். இன்று கேட்டால், ஒரு பென்னிக்குத்தானா என் யோசனை என்று கோபம் வரும். ஆனால் ஜான் ஹேவுட் தன் பழமொழித் தொகுப்பில் இதை அச்சேற்றிய 1546இல், கூலியாள் ஒருவரின் நாள் சம்பளமே நாலைந்து பென்னிதான். நாள்கூலியில் கால்பங்கைக் கொடுத்து அடுத்தவன் மனதில் இருப்பதைக் கேட்கிறேன் என்பது கொஞ்சம் தாராளமான பேச்சு. அதே ஆண்டுகளில் எட்டாம் ஹென்றி போர்ச் செலவுக்காக வெள்ளி நாணயத்தில் செம்பைக் கலந்து அடித்துக்கொண்டிருந்தான். நேர்முகமாகப் பார்க்கும் அரசனின் முகத்தில் எடுப்பாக நிற்பது மூக்கு. புழங்கப் புழங்க அங்கேதான் வெள்ளிப்பூச்சு முதலில் தேயும். உள்ளேயிருக்கும் செம்பு பல்லிளிக்கும். ஜனங்கள் ராஜாவுக்கு 'செம்புமூக்குக் கிழவன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அரண்மனை செய்த கலப்படத்தைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு எந்த நிபுணரும் தேவைப்படவில்லை.

பென்னி எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் ஒரு தொடரை விட்டுவிட்டு வந்திருக்கிறது. 1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை எழுப்பி உலகக் கண்காட்சி நடத்தினார்கள். ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்ற குழாய் வேலைக்காரர் அங்கே கட்டணக் கழிப்பறை அமைத்தார். கட்டணம் ஒரு பென்னி. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை அது வசூலானது. பிறகு ஊரெங்கும் அதே கட்டணம். 'ஸ்பெண்ட் எ பென்னி' என்றால் 'ஒதுங்கப் போகிறேன்' என்று ஆயிற்று. நாகரிகமான இடத்தில் சொல்ல வசதியாக இருந்ததால், கட்டணம் பலமடங்கு ஏறிய பிறகும் பென்னி மாறவில்லை. 1880களில் ரயில் நிலையங்களில் காசு போட்டால் தபால் அட்டை தரும் இயந்திரங்கள் வந்தன. போட்ட பென்னி சில சமயம் நடுவில் மாட்டிக்கொள்ளும். தட்டித் தட்டி, கடைசியில் 'டக்' என்று விழுந்தால்தான் இயந்திரம் அசையும். நாம் சொன்னது எதிராளிக்கு நேரம் கழித்து உறைக்கும்போது 'த பென்னி டிராப்ட்' என்பது இந்த மாதிரி இயந்திரங்கள் கொடுத்ததுதான்.

சிக்கனத்தில் மட்டும் ஆங்கிலப் பழமொழிகளுக்குள் ஒரு பெரிய சண்டை. 'பென்னி வைஸ், பவுண்ட் ஃபூலிஷ்' என்றால் காலணாவுக்குக் கணக்குப் பார்த்துப் பெரிய தொகையைக் கோட்டைவிடுவது. 17ஆம் நூற்றாண்டிலேயே இது வழக்கில் வந்துவிட்டது. இதற்கு நேரெதிராக, 'பென்னியை நீ பார்த்துக்கொள், பவுண்டு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்' என்று இன்னொன்று. கருவூலச் செயலாளராக இருந்த வில்லியம் லவுண்டஸ் அடிக்கடி சொன்னது இது என்று செஸ்டர்ஃபீல்டு பிரபு தன் மகனுக்கு எழுதிய கடிதங்களில் குறிப்பிடுகிறார். அரசாங்கக் கஜானாவின் பொறுப்பாளர் பென்னியைப் பார்த்துக்கொள் என்கிறார். பெயர் தெரியாத யாரோ ஒருவர், ஐயா, நீங்கள் கோட்டைவிடுவது பவுண்டில் என்று சிரிக்கிறார். முன்னது முதலாளி சொன்னது, பின்னது அவரிடம் வேலை பார்த்த குமாஸ்தா சொன்னது என்பது என் ஊகம்.

ஷில்லிங் அவ்வளவு சிரிக்க வைக்காது. 'டேக் த கிங்ஸ் ஷில்லிங்' என்றால் ராணுவத்தில் சேர்வது. ஆள்பிடிக்க வரும் சார்ஜெண்ட் சாராயக்கடையில் உட்கார்ந்திருப்பார். அவர் நீட்டும் ஒரு ஷில்லிங்கைக் கையில் வாங்கிவிட்டால் நீங்கள் சிப்பாய். போதை தெளிந்த பிறகு காசைத் திருப்பிக் கொடுத்துத் தப்பிக்க முடியாது. மனம் மாறியவன் அதைவிடப் பல மடங்கு அபராதம் கட்ட வேண்டும். 1879 வரை இந்த வழக்கம் இருந்தது. ஒரு மனிதனின் உயிருக்கு அரசு வைத்த முன்பணம் 12 பென்னி என்பதை இந்தத் தொடர் எந்தப் பூச்சும் இல்லாமல் சொல்கிறது. 'கட் ஆஃப் வித் எ ஷில்லிங்' என்பது வேறு வகைக் கொடுமை. அப்பன் மகனுக்கு உயிலில் ஒரே ஒரு ஷில்லிங் எழுதி வைப்பார். ஒன்றுமே எழுதாவிட்டால் மறந்துவிட்டார் என்று மகன் வழக்குப் போடலாம் அல்லவா? மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் தரவில்லை என்பதற்கான ரசீது அந்த ஷில்லிங்.

பெண்களின் பணத்துக்கு 'பின் மணி' என்று பெயர். குண்டூசிப் பணம். வசதியான குடும்பங்களில் கல்யாண ஒப்பந்தத்திலேயே மனைவியின் கைச்செலவுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கணவன் எழுதிக் கொடுப்பது 17, 18ஆம் நூற்றாண்டு வழக்கம். நம் சிறுவாட்டுப் பணத்துக்கு இதுதான் ஆங்கிலம் என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பின் மணி, கணவனுக்குத் தெரிந்து அவன் கொடுத்தது. சிறுவாடு, அவனுக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் சேர்ந்தது. கஷ்ட காலத்தில் வீட்டைக் காப்பாற்றுவது இரண்டாவதுதான்.

போன காசு திரும்பி வந்தால்

வேண்டாத ஆள் மறுபடி மறுபடி வாசலில் வந்து நின்றால் 'டர்ன் அப் லைக் எ பேட் பென்னி' என்பார்கள். கள்ளக்காசு மாதிரி வந்து சேர்ந்துவிட்டான். நாம் செல்லாக்காசு என்று சொல்லும் ஆள் ஒரு மூலையில் கிடப்பான், யாருக்கும் தொந்தரவில்லை. ஆங்கிலக் கள்ளக்காசு அப்படியல்ல. எங்கே தள்ளிவிட்டாலும் திரும்பி வரும். இதில் நல்ல பொருளாதார அறிவு இருக்கிறது. கையில் ஒரு நல்ல பென்னியும் ஒரு கள்ளப் பென்னியும் இருந்தால் எதை முதலில் செலவழிப்பீர்கள்? எல்லோரும் அதையே செய்வார்கள். நல்ல காசு பெட்டிக்குள் போய் ஒளிந்துகொள்ளும், கள்ளக்காசு மட்டும் ஊரைச் சுற்றும், சுற்றினால் உங்களிடமும் வரும். கிரஷாம் விதி என்று இதைப் பொருளாதார மாணவர்கள் படிக்கிறார்கள். விதிக்கு அந்தப் பெயர் கிடைத்தது 19ஆம் நூற்றாண்டில்தான். சந்தைக்குப் போனவர்களுக்கு விஷயம் முன்பே தெரியும்.

இந்தத் தொல்லை உச்சத்துக்குப் போனது 1690களில். வெள்ளிக்காசின் ஓரத்தைக் கத்திரியால் நறுக்கி, நறுக்கிய வெள்ளியை உருக்கி விற்பது குடிசைத் தொழிலாகவே நடந்தது. அது ராஜத்துரோகம், பிடிபட்டால் தூக்கு. பெண்ணாக இருந்தால் தீயில் எரிக்கும் தண்டனை சட்டப் புத்தகத்தில் 1790 வரை இருந்தது. ஆனாலும் நிற்கவில்லை. பென்னியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாரே, அதே லவுண்டஸ் 1695இல் கருவூலத்துக்கு வந்த நாணய மூட்டைகளை நிறுத்துப் பார்த்து அறிக்கை எழுதினார். இருக்க வேண்டிய எடையில் ஏறக்குறைய பாதிதான் இருந்தது. மீதி நாட்டின் சட்டைப்பைகளில் கரைந்துபோயிருந்தது.

மறு ஆண்டு பழைய காசையெல்லாம் திரும்ப வாங்கி உருக்கிப் புதிதாக அடிக்கும் வேலை தொடங்கியது. நாணயச் சாலைக்குக் காவலராக ஒரு கணிதப் பேராசிரியரைக் கொண்டுவந்தார்கள். ஐசக் நியூட்டன். கௌரவப் பதவிதான், சம்பளத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கலாம். அவர் இருக்கவில்லை. சாராயக்கடைகளுக்கும் சிறைகளுக்கும் ஆள் அனுப்பி, தானும் விசாரித்து, வாக்குமூலம் வாக்குமூலமாகச் சேர்த்தார். அவரிடம் சிக்கியவர்களில் பெரிய புள்ளி வில்லியம் சலோனர். கள்ளக்காசு அடித்துச் சீமானாக வாழ்ந்த இந்த ஆள், நாணயச் சாலை சரியில்லை, என்னை உள்ளே விட்டால் திருத்திக் காட்டுகிறேன் என்று பார்லிமெண்ட் வரை போய்ச் சொன்னவன். 1699 மார்ச்சில் தூக்கில் தொங்கினான். புவியீர்ப்பைக் கண்டவரின் வாழ்க்கை வரலாற்றில் இந்த அத்தியாயத்தைப் பள்ளிப் பாடங்கள் ஏனோ விட்டுவிடுகின்றன.

கள்ளக்காசுக் காலத்தின் பரிசோதனைகளும் மொழியில் தங்கிவிட்டன. ஒருவர் சொல்வது உண்மை போலத் தோன்றினால் 'இட் ரிங்ஸ் ட்ரூ'. கடைக்காரர் கல்லாப் பலகையில் காசைச் சுண்டிப் போட்டு ஓசை கேட்பார். வெள்ளி கணீரென்னும், ஈயம் மொத்தென்று விழும். கடுமையான சோதனைக்கு 'ஆசிட் டெஸ்ட்'. தங்கத்தில் நைட்ரிக் அமிலத் துளியை வைத்தால் பித்தளை நுரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

மரத்தை உலுக்கியவர்கள்

மதராசுக்கு வருவோம்.

கிழக்கிந்தியக் கம்பெனியில் குமாஸ்தாவாக, அதாவது 'ரைட்டர்' ஆகச் சேர்ந்து கோட்டைக்கு வரும் பையனின் சம்பளம் ஆண்டுக்கு 5 பவுண்டு. சாப்பாடும் தங்குமிடமும் தனி. இந்தச் சம்பளத்துக்கு ஆறு மாதம் கடலில் அலைந்து, பாதிப் பேர் காய்ச்சலில் சாகும் ஊருக்கு ஏன் வந்தார்கள்? சொந்த வியாபாரம் செய்துகொள்ளலாம் என்பதற்காக. கம்பெனி அதைக் கண்டும் காணாமலும் விட்டது. சம்பளம் பவுண்டில், சம்பாத்தியம் வராகனில்.

ஒரு பக்கம் பெருமாள், மறுபக்கம் நட்சத்திரம் பொறித்த மூன்றரைக் கிராமுக்கும் சற்றுக் குறைந்த தங்க வில்லை அது. இங்கிலாந்து மதிப்பில் சுமார் 8 ஷில்லிங். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கோட்டைக் கணக்கேடுகள் ஓடின. 1818இல் நூறு வராகனுக்கு 350 ரூபாய் என்று விலை வைத்து, மதராஸ் ராஜதானி ரூபாய்க்கு மாறிய பிறகுதான் அது ஓய்ந்தது.

இந்த மரத்தை உலுக்கிய தொடக்க காலத்துக்காரர்களில் ஒருவர் எலிஹு யேல். 1687 முதல் 1692 வரை கோட்டையின் கவர்னர். பதவியைச் சொந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டோடு நாற்காலி போனது, செல்வம் போகவில்லை. 1718இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்கு அவர் அனுப்பிய சரக்கும் புத்தகங்களும் போய்ச் சேர்ந்தன. சரக்கை விற்றதில் 560 பவுண்டு சொச்சம் தேறியது. அந்தக் கல்லூரிதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். இவ்வளவு மலிவாக இவ்வளவு நீடித்த புகழை வாங்கியவர் வேறு யாரும் இருக்க முடியாது.

அடுத்தவர் தாமஸ் பிட், 1698 முதல் 1709 வரை கவர்னர். கோல்கொண்டா பக்கத்துச் சுரங்கத்திலிருந்து வந்த 410 காரட் பட்டை தீட்டாத வைரத்தை ஓர் இந்திய வியாபாரியிடம் பேரம் பேசி 48,000 வராகனுக்கு வாங்கினார். சுமார் 20,000 பவுண்டு. 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு விற்றபோது விலை 1,35,000 பவுண்டு. அந்தக் கல் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் 'ரீஜென்ட்' என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. 'வைர பிட்' என்று பெயரெடுத்த இவருடைய பேரனும் கொள்ளுப்பேரனும் பிரிட்டிஷ் பிரதமர்கள் ஆனார்கள். கொள்ளுப்பேரனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வைரமாவது ஒருமுறை காய்க்கும். வருடா வருடம் காய்க்கும் கிளையைக் கண்டுபிடித்தவர்கள் 18ஆம் நூற்றாண்டின் பின்பாதி ஆட்கள். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா கம்பெனியின் தயவில் ஆட்சியில் இருந்தார். அவரைக் காக்கும் படைக்கு அவரே கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டும். கையில் இல்லை. கடன் கொடுக்க முன்வந்தவர்கள் யார்? அதே கம்பெனியின் அதிகாரிகள், தங்கள் சொந்தக் கணக்கில், ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கும் மேல் வட்டி போட்டு. ஈடாக நவாப் எழுதிக் கொடுத்தது இன்ன இன்ன சீமையின் நிலவரி. கடன் கொடுத்தவரின் ஆள் அறுவடைக்கு முன்பே களத்து மேட்டில் வந்து நின்றுவிடுவான். பழைய வட்டியைக் கட்டப் புதுக் கடன், அதற்கு இன்னொரு சீமை. கோட்டைக்குள் கூடி நவாபைப் பற்றி முடிவெடுக்கும் கவுன்சிலில் உட்கார்ந்திருந்தவர்களிலும் பலர் அவருக்குக் கடன் கொடுத்தவர்கள்.

இவர்களில் கில்லாடி பால் பென்ஃபீல்டு. சொற்பச் சம்பளத்தில் பொறியாளராக வந்தவர். சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியது இவர்தான் என்று சொல்லப்படுகிறது. 1773இல் நவாப் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்தார். லண்டன் இயக்குநர்கள் அது தவறு, ராஜாவிடம் திருப்பிக் கொடு என்று பிகட் பிரபுவைக் கவர்னராக அனுப்பினார்கள். அவரும் 1776இல் திருப்பிக் கொடுத்தார். உடனே பென்ஃபீல்டு ஒரு காகிதத்தோடு வந்தார். தஞ்சையின் விளைச்சல் எனக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது, 2,30,000 பவுண்டுக்கு மேல் எனக்கு வர வேண்டும் என்றார். பிகட் மறுத்தார். அந்த ஆகஸ்ட் மாதம் கவுன்சிலின் பெரும்பான்மையினர் தங்கள் கவர்னரையே கைது செய்தார்கள். மறு ஆண்டு மே மாதம் காவலில் இருந்தபடியே அவர் இறந்துபோனார். பென்ஃபீல்டு லண்டன் போய்ப் பார்லிமெண்ட் உறுப்பினர் ஆனார்.

1785இல் நவாபின் கடன்களை விசாரணையே இல்லாமல், அன்று கர்நாடகம் எனப்பட்ட நவாபின் சீமையின் வருவாயிலிருந்து தீர்க்கலாம் என்று பிரிட்டிஷ் அரசு முடிவு செய்தது. அதை எதிர்த்து பிப்ரவரி 28 அன்று பார்லிமெண்ட் உறுப்பினர் எட்மண்ட் பர்க் பேசிய பேச்சு, ஆங்கிலச் சொற்பொழிவு வரலாற்றில் பேர்போனது. பாசனக் குளங்கள் தூர்ந்து கிடப்பதைக்கூட அதில் எடுத்துச் சொன்னார். பயனில்லை. அப்போது பிரதமர் வில்லியம் பிட், வைர பிட்டின் அதே கொள்ளுப்பேரன். பின்னாளில் 1801இல் கர்நாடகத்தைக் கம்பெனியே எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சக் கடன் கோரிக்கைகளை ஆராய ஒரு கமிஷன் உட்கார்ந்தது. பத்திரங்களைத் துருவிப் பார்த்ததில், கோரிய தொகையில் பத்தில் ஒரு பங்குகூட நியாயமானதாகத் தேறவில்லை. பென்ஃபீல்டு 1810இல் பாரிசில் வறுமையில் செத்தார். அவர் வாங்கிய வட்டி தஞ்சாவூருக்குத் திரும்பவில்லை.

இத்தனையையும் ஆங்கிலம் ஒரு மரத்தில் அடக்கிவிட்டது. நன்றாக யோசித்த உருவகம். மரத்துக்கு வலிக்காது, மரம் புகார் சொல்லாது. பழுத்தது விழுகிறது, நிற்பவன் பொறுக்குகிறான். களத்து மேட்டு விவசாயி இந்தப் படத்தில் எங்குமே இல்லை. அந்தத் தொடர் இந்தியாவில் வழங்கியதைவிட இங்கிலாந்தில்தான் அதிகம் வழங்கியது என்று 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி குறிப்பிடுகிறது. இருக்கும். இங்கே இருந்தவர்களுக்கு உலுக்கப்பட்டது எது என்று தெரியும். அங்கேயும் எல்லோரும் ஏமாந்துவிடவில்லை; 1772லேயே சாமுவேல் ஃபூட் 'த நபாப்' என்ற நாடகம் போட்டு, திரும்பி வந்த இந்தப் புதுப் பணக்காரர்களை மேடையில் வைத்துக் கிழித்தார். நவாப் என்ற பட்டம் கொள்ளையடித்துத் திரும்பிய வெள்ளைக்காரனுக்கான வசவாக மாறியது.

அதற்காக, இந்தியாவைக் காரணம் காட்டும் எல்லாக் கதைகளையும் நம்பிவிடக் கூடாது. லண்டன் கொச்சையில் 500 பவுண்டுக்குக் 'குரங்கு', 25க்குக் 'குட்டிக் குதிரை'. இந்திய ரூபாய் நோட்டில் இந்தப் படங்கள் இருந்தன, சிப்பாய்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள் என்று இணையம் முழுக்கச் சொல்கிறார்கள். அப்படி ஒரு நோட்டு அச்சாகவே இல்லை. 'ஐ டோன்ட் கேர் எ டேம்' என்பது முகலாயர் காலத்து 'தாம்' என்ற செப்புக்காசிலிருந்து வந்தது என்பதையும் மொழி வரலாற்று அறிஞர்கள் ஏற்பதில்லை. உண்மையான உறவு அவ்வளவாகப் பேசப்படாத ஒரு காசில் இருக்கிறது. டச்சுக்காரர்களின் 'டாய்ட்' என்ற செப்புக்காசு இங்கிலாந்துக்குள் புகுந்து, 'நாட் வொர்த் எ டாய்ட்', சல்லிக்காசு பெறாது, என்ற தொடரில் உட்கார்ந்தது. ஷேக்ஸ்பியரின் 'டெம்பஸ்ட்' நாடகத்திலும் அது வரும். அதே டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கடை விரித்துக் காசடித்தார்கள். அந்தக் காசின் பெயரைத்தான் நாம் துட்டு என்கிறோம். அங்கே அந்தச் சொல் பழம்புத்தகத்தோடு நின்றுவிட்டது. இங்கே ஆட்டோ ஸ்டாண்டில் இன்றும் செல்லுபடியாகிறது.

தங்கக் கைகுலுக்கல்

20ஆம் நூற்றாண்டில் பணத் தொடர்கள் பிறக்கும் இடம் கம்பெனிக் கூட்ட அறைக்கு மாறியது. வேலையை விட்டு அனுப்பும் மேலாளருக்குக் கொடுக்கும் பெருந்தொகை 'கோல்டன் ஹேண்ட்ஷேக்'. கம்பெனி கைமாறி நாற்காலி போனாலும் அவர் அடிபடாமல் இறங்க முன்கூட்டியே எழுதி வைத்த ஒப்பந்தம் 'கோல்டன் பாராசூட்'. 1961இல் அமெரிக்காவின் டிடபிள்யூஏ விமான நிறுவனத் தலைவருக்கு எழுதியதுதான் முதல் பாராசூட் என்பார்கள். அதே விமானத்தின் பயணிகளுக்கு இந்த வசதி கிடையாது. புதிதாக முதலீடு எதுவும் போடாமல் லாபத்தை மட்டும் கறந்துகொண்டே இருக்கும் தொழிலுக்கு 'கேஷ் கௌ'. 1970இல் பாஸ்டன் ஆலோசனை நிறுவனம் ஒன்று வரைந்த நான்கு கட்டப் படத்தால் உலகெங்கும் பரவியது. தீனி போடாமல் கறக்கச் சொல்லிக் கொடுக்கும் படிப்புக்கு எம்.பி.ஏ. என்று பெயர்.

பழைய ஆங்கிலம் கணக்கில் தில்லுமுல்லு செய்வதைக் 'குக் த புக்ஸ்' என்றது. கணக்குப் புத்தகத்தைச் சமைப்பது. 1849இல் 'ரயில்வே ராஜா' ஜார்ஜ் ஹட்சன், முதலீட்டுப் பணத்தையே லாபம் என்று காட்டிப் பங்குதாரர்களுக்குப் பங்கிட்டது வெளியானபோது ஊர் அப்படித்தான் பேசியது. புதிய ஆங்கிலத்தில் அது 'கிரியேட்டிவ் அக்கவுண்டிங்'. சமையலில் கை கருகும். படைப்பாற்றலுக்கு விருது கொடுப்பார்கள்.

இந்த வரிசையில் கடைக்குட்டி 'ஹேர்கட்'. கடன் வாங்கியவர் திருப்பித் தர முடியாதபோது, கொடுத்தவர் எவ்வளவை விட்டுக்கொடுக்கிறார் என்பது ஹேர்கட். 2012இல் கிரீஸ் அரசுக்குக் கடன் கொடுத்த தனியார் முதலீட்டாளர்கள் முகமதிப்பில் 53.5 சதவீதத்தை விட்டார்கள். முடி வெட்டினால் வலிக்காது, மறுபடி வளர்ந்துவிடும். அந்த எண்ணத்தை விதைக்கத்தானே அந்தச் சொல். 2016இல் திவால் சட்டம் வந்த பிறகு நம் பத்திரிகைகளின் வணிகப் பக்கங்களிலும் நுழைந்துவிட்டது: 'வங்கிகளுக்கு 60 சதவீத ஹேர்கட்', '80 சதவீத ஹேர்கட்'. ஏமாந்தவனைப் பார்த்து 'நல்லா மொட்டை அடிச்சுட்டாங்க' என்று சொல்லிப் பழகிய ஊரில், இதைப் படித்துவிட்டு யாரும் சிரிக்காமல் இருப்பதுதான் ஆச்சரியம்.

சிரிக்காவிட்டாலும் ஒரு தீர்ப்பாயம் வாய்விட்டுக் கேட்டது. 2021 ஜூனில், வீட்டு உபயோகப் பொருட்களுக்குப் பேர்போன வீடியோகான் குழுமத்தின் திவால் வழக்கு மும்பையிலுள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்கு வந்தது. 70,000 கோடி ரூபாயைத் தாண்டிய கோரிக்கைக்கு, வாங்க வந்த நிறுவனம் தர முன்வந்தது 3,000 கோடிக்கும் குறைவு. 95 சதவீதத்துக்கும் மேல் போயிற்று. சரக்கு கொடுத்துவிட்டுக் காத்திருந்த சிறு, குறு நிறுவனங்களுக்கு நூறு ரூபாய்க்கு 72 காசு. திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்த கையோடு, இது முடிவெட்டா, மொட்டையா, முழுச் சவரமா என்ற பொருளில் தீர்ப்பாயம் தன் உத்தரவிலேயே எழுதிவைத்தது. மேல்முறையீட்டில் அந்தத் திட்டத்துக்கு முதலில் தடை வந்தது. 2022 ஜனவரியில் அது ரத்தாகி, கடன் கொடுத்தவர்களின் குழுவிடமே திரும்பிப் போனது. வணிகப் பக்கங்கள் அந்தச் செய்தியையும் 'ஹேர்கட்' என்றே எழுதின.